யாழ்நூலும் இசையரங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

வழக்கொழிந்த இசைக்கருவி ஒன்று மீண்டும் உயிர்பெறுதற்கு வேண்டுவன யாவை என்னும் வினா, தமிழிசை வரலாற்றிலே சிந்தித்தற்குரியது. கல்முனை, சவளக்கடை முதலிய ஊர்களைச் சார்ந்தோர்க்கு இவ்வினா அயலதன்று. யாழை மீட்கப் பெரிதும் உழைத்த விபுலானந்த அடிகள், கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்தவர். கல்முனையிலே கல்வி பயின்றவர்.

பண்டைத் தமிழரின் ஆடலரங்கிலே ஒலித்தது குழுவிசையாகும். சிலப்பதிகார அரங்கேற்றுகாதை அதன் ஒழுங்கினைத் தெளிவுறக் கூறுகின்றது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்றன. முழவொடு கூடி ஆமந்திரிகை இசைத்தது. ஒரு கருவி மற்றொன்றனுக்குச் செவிசாய்த்து நிற்றலே இக்குழுவின் இலக்கணம். மேனாட்டுச் சிறுகுழு இசையும் இத்தன்மையதே. பிற்காலத்தே வீணை மேலோங்க, யாழ் இலக்கியத்திலும் சிற்பத்திலும் மட்டுமே எஞ்சியது.

அடிகள் தமிழறிஞர் மட்டுமல்லர். விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். நூற்சான்றையும் நரம்பின் அளவுக் கணக்கையும் ஒருங்கே கொண்டு அவர் ஆராய்ந்ததன் பயனே ஏழு இயல்களையுடைய யாழ்நூல். கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அந்நூற் கணக்கின்படி அமைந்த யாழ்களை க. பொ. சிவானந்தம் பிள்ளை ஆங்கு இசைத்தார். ஏட்டிலே கிடந்த கருவி அவையோர் செவிக்கு எட்டியது. ஆயின், அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

யாழ் அதன்பின் இசையரங்கில் நிலைபெறாமைக்குக் காரணம் யாது? ஈண்டு இரு வரலாறுகளை ஒப்புநோக்குதல் தகும். இங்கிலாந்திலே ஆர்னால்டு டோல்மெட்சு வழக்கற்ற பழங்கருவிகளைத் தாமே செய்தார். அவற்றைக் குடும்பத்தார்க்கும் பயிற்றினார். அம்மட்டில் அமையாது, 1925 முதல் ஹேசில்மியர் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் இசைவிழா நடத்தினார். கைவினைஞர், கலைஞர், கேட்போர் என்னும் மூவரையும் அவ்விழா ஓரிடத்தே பிணைத்தது.

மற்றையது வயலினின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கைக்கொண்ட இவ்வயற்கருவி, வாய்ப்பாட்டின் துணையாய்க் குழுவில் இடம்பெற்றது. 1927ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டையொட்டிய இசைமாநாட்டின் விளைவாக, 1928இல் சென்னை மியூசிக் அகாதமி தோன்றியது. பின்னர் வளர்ந்த மார்கழி இசைவிழாவிலே வயலின் இன்றியமையாததாயிற்று. யாழுக்கோ குழுவும் இல்லை; பருவந்தோறும் கூடும் அவையும் இல்லை.

எனவே, நூல் கருவியின் இலக்கணத்தைக் காக்கும். அதன் உயிரைக் காப்பது தொடர்ந்த அரங்கே எனலாம். யாழ்நூல் இன்றேல் யாழின் சுருதியை நாம் அறிதல் அரிது என்பதும் மறத்தற்கன்று. அண்மைக்காலத்தே தமிழகத்தில் சிலர் யாழைப் புதிதாய்ச் செய்து இசைத்து வருகின்றனர். மட்டக்களப்பில் 1982இல் தோன்றிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாய் விளங்குகின்றது. குழலும் யாழும் தண்ணுமையும் ஆண்டுதோறும் ஒருங்கிசைக்கும் அரங்கொன்று இக்கரையிலே அமையுமாயின், 1947இல் தொடங்கி நின்ற பணி தொடரும்.