இரண்டாம் நந்திவர்மனின் தந்தை: செப்பேட்டுக் குலமுறையில் ஒரு திருத்தம்

எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட பல்லவ வேந்தன் இரண்டாம் நந்திவர்மனை, அவனுக்கு முன் ஆண்ட இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன் என உதயேந்திரம் செப்பேடு குறிக்கிறது. இச்சான்றை மட்டும் கொண்டால், பல்லவர் குலம் தந்தை, மகன் என அறுபடாது தொடர்ந்ததாகவே தோன்றும்.

ஆனால், நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட காசாக்குடிச் செப்பேடு வேறொரு வழியைக் காட்டுகிறது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனில் தொடங்கி, புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என வந்த கிளையில், இரணியவர்மனின் மகனாக அவன் இடம்பெறுகிறான். குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் அச்செப்பேடு கூறுகிறது.

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சிற்பங்களும் அவற்றுடன் பொறிக்கப்பட்ட விளக்கங்களும் இதற்கு அரண் செய்கின்றன. பரமேசுவரவர்மன் இறந்தபின் நாட்டார் இரணியவர்மனை நாடிச் சென்றதையும், பிற மைந்தர் மறுக்க, 12 வயதுப் பல்லவமல்லன் அரசேற்க இசைந்ததையும் அவை உரைக்கின்றன. பல்லவமல்லனே நந்திவர்மன்.

தன் நேர்வழி உரிமையைக் குறைக்கும் செய்தியை ஓர் அரசன் புனைந்து பொறித்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே காசாக்குடிச் செப்பேட்டின் கூற்றே ஏற்கத்தக்கது. அரியணை வரிசை வேறு, குருதி வரிசை வேறு என்பதைக் குலமுறை ஆராய்வோர் முதற்கண் கருதுதல் வேண்டும்.