பெட்ரோல் தோங் வாங்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள்

புல்வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய ஐந்து கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலும் இருக்கும். அதில் பாதியளவு பெட்ரோல். மூடியின் கீழ் ஒரு பிளாஸ்டிக் பை துண்டு. வெள்ள அபாயமுள்ள பகுதிகளில் ஜெனரேட்டருக்கென்று இன்னும் பத்து லிட்டர் சேர்ந்துகொள்கிறது. போத்தல் கசியவில்லை, தரை ஈரமாகவில்லை என்பதே அதைத் தொடர்ந்து வைத்திருக்கச் சொல்லப்படும் காரணம்.

கவனிக்க வேண்டியது ஈரத்தை அல்ல, ஆவியை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். நம் வீட்டுக் கொட்டகையின் வெப்பம் எப்போதும் அதைவிட மிக அதிகம். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். சமையலறை அடுப்பு, சலவை இயந்திரத்தின் மோட்டார், பூஜை அறையில் தரையில் வைத்த குத்துவிளக்கு என எங்கே நெருப்போ பொறியோ இருக்கிறதோ அதுவரை போய்ச் சேரும். சொட்டுக்கூடச் சிந்தாத தோங்கும் இப்படித்தான் ஆபத்தாகிறது.

எனவே நல்ல கலனுக்கு அடையாளம் தடித்த சுவர் மட்டுமல்ல. மூடியும், மூடிக்குள் இருக்கும் வாஷரும்தான். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ரப்பர் தோட்டங்களின் நாட்டில் இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சில வாரங்களில் அது தளர்ந்து இடம் மாறும். எரிபொருளைத் தாங்கும் நைட்ரைல் அல்லது வைட்டான் வாஷர் போட்ட கலனைக் கேட்டு வாங்க வேண்டும். மாற்று வாஷர் தனியாகக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. கலனுக்கு முன்பே தேய்ந்துபோவது அதுதான்.

இரும்பில் இன்றும் மிஞ்ச முடியாத வடிவம் ஜெரிகேன். 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் கலன் அது. அப்போது பிரிட்டிஷ் படையிடம் இருந்த நான்கு கேலன் தகர டின், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மூட்டுகளில் கசிந்து ஏராளமான பெட்ரோலை வீணாக்கியது. கைப்பற்றிய ஜெர்மன் கலன்களைப் பார்த்தே பிரிட்டன் தன்னுடையதை மாற்றிக்கொண்டது. ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்று அழைத்த சிப்பாய்களின் கேலிப்பெயர் கலனுக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு தகட்டு அச்சுகளைச் சேர்த்த ஒரே வெல்டிங், திருகுவதற்குப் பதிலாக நெம்பி அழுத்தும் மூடி, கைப்பிடியின் அடியில் காற்றுக்கென விட்ட இடம், பக்கங்களில் பெருக்கல் குறி போன்ற பள்ளம் என எல்லாமே ஒரு காரணத்தோடு அமைந்தவை. பள்ளம் தகட்டுக்கு வலு தருகிறது. உள்ளழுத்தம் கூடும்போது தகடு சற்று விரியவும் இடம் தருகிறது.

அந்தக் காற்றிடம் முக்கியம். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 20 லிட்டர், 15 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கும் மேல் கூடுகிறது. கழுத்துவரை நிரப்பினால் அந்தக் கால் லிட்டர் மூடியைத்தான் தள்ளும். எந்தக் கலனானாலும் மேலே இருபதில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும்.

பிளாஸ்டிக் கலன் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் சாதாரண எச்டிபிஇ பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி மெல்லக் கசியும். எரிபொருளுக்கென்றே தயாரிப்பவற்றில் சுவரைப் பல அடுக்காகவோ ஃபுளோரின் பூச்சுடனோ அமைப்பார்கள். கலனின் அடியிலோ பக்கத்திலோ வட்டத்துக்குள் ‘யுஎன்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அருகில் 3எச்1 என்றால் பிளாஸ்டிக் கலன், 3ஏ1 என்றால் இரும்புக் கலன். அதையடுத்து எக்ஸ் அல்லது ஒய் எழுத்து இருந்தால் பெட்ரோலுக்கு ஏற்றது; இசட் என்றால் ஏற்றதல்ல. கடிகாரம் போன்ற சிறு வட்டம் தயாரித்த மாதத்தைக் காட்டும். ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான விதிகளில் பிளாஸ்டிக் கலனுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. வீட்டிலும் அந்தக் கணக்கையே பின்பற்றலாம்.

வாங்கியதும் தண்ணீர் நிரப்பி, மூடி, பழைய நாளிதழின்மேல் ஓர் இரவு படுக்க வைத்துப் பாருங்கள். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். இரும்பாக இருந்தால் கூடுதல் கவனம். ஆவி கசிகிறதா என்று அறிய எளிய வழியும் உண்டு. பெட்ரோல் ஊற்றிய கலனைப் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் தூக்கி, எடையைக் கலனிலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் எடை தெரியும்படி குறைந்திருந்தால், அது வீட்டுக் காற்றில்தான் கலந்திருக்கிறது.

டீசல் வைப்போருக்குத் தனி எச்சரிக்கை. நம் நிலையங்களில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, செம்புப் பொருத்திகள் அதற்கு உதவாது.

வைக்கும் இடம் வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமாக இருக்க வேண்டும். வெள்ளப் பகுதியில் கலனைக் கட்டியும் வைக்க வேண்டும். பெட்ரோல் நீரைவிட இலேசானது. நிரம்பிய பிளாஸ்டிக் தோங்கும் மிதந்து போகும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்ததை நினைத்தால், அலமாரியின் மேல்தட்டு போதும் என்று சொல்ல முடியாது.

ரோன்95 பெட்ரோலும் டீசலும் 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. நிலையத்தில் தோங்கில் ஊற்றித் தர மறுத்தால் ஊழியரோடு சண்டை வேண்டாம். அனுமதி பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஊற்ற அனுமதி கிடைத்தாலும், கலனைக் கார் பூட்டில் வைத்தபடியே நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்து, குழாய் முனை கலனைத் தொட்டபடி மெதுவாக நிரப்பினால்தான் நிலைமின்சாரப் பொறி எழாது.

கலன் பல ஆண்டு உழைக்கும், பெட்ரோல் உழைக்காது. நம் வெப்பத்தில் மூன்று மாதத்துக்குமேல் வைக்காமல் இருப்பது நல்லது. நிரப்பிய தேதியை டேப்பில் எழுதி ஒட்டி, கெடு வந்ததும் காரில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த பெட்ரோலை மட்டும் காரில் ஊற்றக் கூடாது; அதைப் புல்வெட்டும் இயந்திரத்திலேயே தீர்க்க வேண்டும்.