மாமல்லையைப் பார்க்க வந்தவர்கள்

கடற்கரையில் பள்ளிகொண்டிருந்த திருமாலின் கை உடைந்துபோயிற்று. லலிதாலயர் என்ற தச்சர் அதை ஒட்டுத் தெரியாமல் பொருத்தினார். பொருத்தியதும் காஞ்சியிலிருந்த ஒரு புலவரை அழைத்து, வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று வந்து பார்க்கும்படி கேட்டார். புலவரும் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டு வந்தார். அந்தப் புலவர் தண்டி. அவரது வடமொழி உரைநடை நூலான அவந்திசுந்தரி கதையின் முன்பகுதியில் இச்செய்தி இருக்கிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்பத்தின் வேலைப்பாட்டைக் காண்பதற்கென்றே ஒருவர் ஊர் விட்டு ஊர் வந்தார் என்பதற்கு இது சான்று. கற்பனை கலந்த நூல்தான். ஆனால் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லும் இடத்தில் ஐயுற எனக்குக் காரணம் தெரியவில்லை. மாமல்லபுரம் 'பார்க்கும் இடம்' ஆன வரலாற்றை வெள்ளைக்காரப் பயணிகளிடமிருந்து தொடங்குவது ஆய்வாளர்களின் வழக்கம். தண்டியிடமிருந்து தொடங்குவதே முறை.

ஆழ்வார்களின் பாசுரங்களில் இவ்வூர் கடல்மல்லை. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. திருமங்கையாழ்வார் பாடிய ஊர். வழிபட வந்தவர்களும் வணிகம் செய்ய வந்தவர்களும் ஒரே கரையில் இறங்கினார்கள். கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஊரை மாமல்லபுரம் என்றே குறிக்கின்றன. அங்குள்ள மூன்று கோயில்களையும் சத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராசசிம்ம பல்லவேசுவரம், பள்ளிகொண்டருளிய தேவர் கோயில் என்று தனித்தனியே பெயர் சொல்லிச் சுட்டுகின்றன. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தவர்கள் தொலைத்தவை இவைதாம்.

துறைமுகம் ஓய்ந்த பிறகு இவ்வூரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கப்பலில் கடந்துபோனவர்கள். கரைக்கு வராமலே அவர்கள் கோபுரங்களை அடையாளக் குறியாக வைத்துத் திசை கண்டார்கள். 'ஏழு பகோடா' என்ற பெயர் மாலுமிகளின் பேச்சிலிருந்து வந்தது. கரையில் ஏழு கோபுரங்கள் இல்லாதபோது, மற்றவை கடலுக்குள் போயிருக்க வேண்டும் என்ற ஊகம் அந்தப் பெயரோடு சேர்ந்து வளர்ந்தது.

இறங்கி வந்து பார்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் வில்லியம் சேம்பர்ஸ். 1772இலும் 1776இலும் இங்கு வந்தார். பின்னர் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் பாரசீக மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, கண்டதையும் கேட்டதையும் நினைவிலிருந்து எழுதினார். 1788இல் ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் அது வெளிவந்தது. அவருடைய கட்டுரையில் பாதி கல்லைப் பற்றியது. மறுபாதி ஊர்க்காரர்கள் சொன்ன கதை. மாபலியின் நகரம் இது, அதன் செழிப்பைக் கண்டு பொறாத தேவர்கள் கடலை ஏவி அழித்தார்கள் என்பது ஒரு கதை. செம்புத் தகடு வேய்ந்த கோபுர முகடுகள் கடலுக்குள்ளே சூரிய உதயத்தில் மின்னியதைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் சவுதி 1810இல் வெளியிட்ட 'கெகாமாவின் சாபம்' என்ற காவியத்தில் மூழ்கிய மாபலி நகரம் வருகிறது. இந்தியாவையே பார்க்காத ஒருவர் மாமல்லபுரத்துக் கடற்கரைப் பேச்சைக் காவியமாக்கினார். அதைப் படித்தவர்கள் பிறகு அந்தக் கதையைத் தேடிக்கொண்டு இங்கு வந்தார்கள்.

அடுத்த அரை நூற்றாண்டு அளந்தவர்களும் வரைந்தவர்களும் வந்த காலம். 1798இல் கோல்டிங்காம் எழுதினார். காலின் மெக்கன்சியின் உதவியாளர் காவலி லட்சுமய்யா 1803இல் ஊராரிடம் கேட்டுத் தொகுத்த குறிப்பு, இந்தியர் ஒருவரின் பதிவு என்பதால் தனி மதிப்புடையது. 1811இல் மரியா கிரகாம் வந்தார். பாபிங்டன் கல்வெட்டுகளைப் படித்து, 1830இல் அச்சான கட்டுரையில் எழுத்து வடிவங்களோடு வெளியிட்டார். கதைக்கு எதிராகக் கல் பேசத் தொடங்கியது அப்போதுதான். தருமராசர் ரதம் என்று எல்லோரும் சொல்லும் கோயிலின் மேல்தளத்தில் அதன் சொந்தப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது: அத்யந்தகாம பல்லவேசுவரம். அது சிவனுக்கு எடுத்த கோயில். திரௌபதி ரதம் என்பதன் உள்ளே நிற்பவள் கொற்றவை. பாண்டவருக்கும் இந்தக் கற்களுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் 1869இல் கார் என்பவர் இக்கட்டுரைகளையெல்லாம் தொகுத்துச் சென்னையில் வெளியிட்டபோது, நூலின் தலைப்பில் 'ஏழு பகோடா'தான் இருந்தது.

பயண வழியையும் கவனிக்க வேண்டும். தார்ச்சாலை வருமுன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நல்ல வழி பக்கிங்காம் கால்வாய். மாலையில் படகேறி, இரவெல்லாம் படுத்துறங்கி, விடியலில் இறங்கி நடந்து ஊருக்குள் வருவார்கள். வந்தவர்களுக்கு ஒரு முழுப்பகல் இருந்தது. திரும்பப் படகேற மாலையாகும் என்பதால், குன்றின் மேலும் கீழும் நடப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அக்காலப் பயணக் குறிப்புகளில் குடைவரைகள் ஒவ்வொன்றாக இடம்பெறுவதற்கு இந்த நீண்ட பகலும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

தமிழ் வாசகரை இங்கு அழைத்து வந்தவர் கல்கி. டி.கே.சி.யோடு மாமல்லபுரத்து மணலில் அமர்ந்திருந்தபோது உருவான எண்ணம் 'சிவகாமியின் சபத'மாகி, 1940களில் தொடராக வந்தது. அதைப் படித்தவர்கள் அதில் வரும் சிற்பி ஆயனரையும் அவர் மகள் சிவகாமியையும் தேடினார்கள். சேம்பர்ஸுக்கு மாபலி எப்படியோ, தமிழருக்கு ஆயனர் அப்படி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாபலி கதை பல்லவரை மறைத்தது. கல்கியின் கதை பல்லவரை மீட்டுக் கொடுத்தது. பல்லவ மன்னன் மாமல்லனின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது அதனால்தான். 1962இல் இரா. நாகசாமி இக்கோயில்கள் அனைத்தும் மாமல்லனுக்குப் பின் வந்த இராசசிம்மன் எடுத்தவை என்று வாதிட்டார். ஆய்வுலகில் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. வழிகாட்டிகளின் பேச்சிலோ மாமல்லனுக்கே இடம். நாவலின் வலிமை அது.

1957இல் இங்கே அரசு சிற்பப் பள்ளி தொடங்கியது. பின்னர் அதை நெடுங்காலம் வழிநடத்தியவர் வை. கணபதி ஸ்தபதி. ஊரின் தெருக்களில் இன்று கேட்கும் உளிச் சத்தத்துக்கும் சிற்பப் பட்டறைகளின் பெருக்கத்துக்கும் அந்தப் பள்ளியே வேர். 1984இல் யுனெஸ்கோ இத்தொகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அரசுப் பதிவில் ஊர் மாமல்லபுரம். யுனெஸ்கோ பட்டியலில் மகாபலிபுரம். மாபலி கதை அங்கே இன்னும் நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பின்வாங்கியபோது பாறை வரிசைகளைக் கண்டதாக ஊரார் சொன்னார்கள். செம்புக் கோபுரக் கதை மறுபடி உயிர்பெற்றது. ஆனால் உறுதியாகக் கிடைத்தது வேறொன்று. ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றதில் அருகிலுள்ள சாளுவன்குப்பத்துப் பாறை ஒன்றின் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை சுட்டிய முருகன் கோயிலைத் தொல்லியல் துறையினர் அருகிலேயே தோண்டி எடுத்தார்கள். அடியில் இருந்தது பல்லவருக்கும் முந்திய செங்கல் கட்டடம். அதை எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். பின்னர் வந்த ஒன்றிய அரசின் புள்ளிவிவரப்படி, 2021–22இல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு வந்தவர் 38,922 பேர். தொற்றுநோய்க் காலத்து எண்கள் இவை என்பதை மறக்கலாகாது. வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதே என் கவலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வந்த வேகத்திலேயே கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று மூன்று இடங்களில் படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்தப் பாறையை 1908இல் ஆளுநர் ஆவ்லக் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தார் என்று சொல்லக் கேட்பவர்களுக்கு, ஆவ்லக் 1900இலேயே பதவி விட்டுப் போய்விட்டார் என்று யாரும் சொல்வதில்லை. பாதை குறுகக் குறுகப் பார்வையும் குறுகிவிட்டது. இருநூற்றைம்பது ஆண்டுப் பயணக் குறிப்புகளை அடுத்தடுத்துப் படித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்.

போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். காலையில் சாளுவன்குப்பத்துக்குப் போய் அதிரணசண்டக் குடைவரையில் இருவேறு எழுத்துகளில் வெட்டிய கல்வெட்டைப் பாருங்கள். மாலையில் தலசயனப் பெருமாள் கோயிலில், இன்றும் பூசை நடக்கும் மல்லையைப் பாருங்கள். இடையே கடற்கரைக் கோயிலில் நிற்கும்போது, பல்லவேசுவரம் இரண்டையும் அவற்றின் நடுவே பள்ளிகொண்டிருக்கும் திருமாலையும் இராசராசன் காலக் கல்வெட்டு சொன்ன பெயர்களாலேயே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.