யாகுல்ட்

யாகுல்ட்: ஜப்பானில் தோன்றிய புரோபயாட்டிக் புளித்த பால் பானம். இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி உயிருடன் குடலை அடையும் லாக்டோபேசிலஸ் திரிபு ஒன்றை மருத்துவர் மினோரு ஷிரோட்டா 1930இல் கியோட்டோவில் வளர்த்தெடுத்தார். ‘ஷிரோட்டா திரிபு’ எனப்படும் அதைக் கொண்டு தயாரித்த பானம் 1935இல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் விற்கப்படும் 65 மி.லி. புட்டியில் இந்த பாக்டீரியாக்கள் 650 கோடிக்கு மேல் உள்ளன.

நோய் எதிர்ப்பாற்றல்: உடலின் எதிர்ப்பு அணுக்கள் பல குடல் சார்ந்த திசுக்களிலும் உள்ளன. ஆய்வகச் சோதனைகளில், இத்திரிபின் செல்சுவரை உணரும் பெருவிழுங்கணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது, வைரஸ் தொற்றிய செல்களை அழிக்கும் ‘இயற்கைக் கொல்லி’ அணுக்களைத் தூண்டுகிறது. மனிதர்களிடம் நடந்த சிறு ஆய்வுகள் சிலவற்றில் இவ்வணுக்களின் செயல்திறன் கூடியது. வேறு சிலவற்றில் மாற்றமில்லை. இத்திரிபு மேல் சுவாசப்பாதையைத் தொற்றிலிருந்து காக்கும் என்ற கூற்றுக்குப் போதிய சான்றில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் கருத்துரைத்தது.

வரம்புகள்: இந்த பாக்டீரியாக்கள் பொதுவாகக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை, குடிப்பதை நிறுத்தினால் நாளடைவில் வெளியேறிவிடும். ஒரு திரிபின் பலன் வேறு திரிபுகளுக்கோ வீட்டுத் தயிருக்கோ அப்படியே பொருந்தாது. யாகுல்ட்டில் சர்க்கரை உண்டு. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.