முழுவதும் அல்ல

"சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போகச் சொல்லுங்க." இதை நம்பி ஸ்டேஷனுக்குப் போன எங்கள் தெருக்காரர் நள்ளிரவில்தான் வீடு திரும்பினார். கூடப் போன வக்கீலை வாசல் வேப்பமரத்தடியிலேயே நிறுத்திவிட்டார்கள். அது சரியா என்று தேடப்போய்த்தான் நந்தினி சத்பதி வழக்குக்கு வந்து சேர்ந்தேன்.

நந்தினி ஒடிசாவின் முன்னாள் முதல்வர். எழுத்தாளர் காளிந்தி சரண் பாணிகிராகியின் மகள், தானும் எழுதியவர். 1977இல் ஆட்சி மாறியதும் ஊழல் வழக்கு வந்தது. கட்டாக் விஜிலென்ஸ் காவல் நிலையத்துக்கு அழைத்து, எழுதி வைத்திருந்த கேள்விகளை நீட்டினார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லாததற்கே இன்னொரு வழக்கு போட்டார்கள்!

1978இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டவர். பூட்டிய அறையின் உட்புறம் தெரிந்த நீதிபதி என்பதாலேயே எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). அந்தப் பாதுகாப்பு கோர்ட்டில் கூண்டேறும்போது அல்ல, ஸ்டேஷனில் முதல் கேள்வி விழும்போதே தொடங்கிவிடுகிறது என்றார் அவர். அமெரிக்காவின் 1966 மிராண்டா தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டு, வக்கீல் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்ததே தப்பு என்றும் கண்டித்தார். ஆனால் வக்கீலைப் போலீஸ் ஏற்பாடு செய்து தர வேண்டியதில்லை. நியாயமான நேரம் காத்திருந்தால் போதும். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது?

அப்புறம் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. 1992இல் பூல்பாண்டி வழக்கில், சுங்க, கலால் அதிகாரிகளின் விசாரணைக்கு வக்கீலைக் கூட்டிப் போக முடியாது என்றார்கள். 1996இல் டி.கே. பாசு தீர்ப்பு ஒரு சமரசம் செய்தது: விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், விசாரணை முழுவதும் அல்ல. 2010இல் நடைமுறைக்கு வந்த 41டி பிரிவு அதையே சட்டமாக்கியது. 2024 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தின் 38ஆம் பிரிவிலும் அந்த 'முழுவதும் அல்ல' பத்திரமாக இருக்கிறது. அதுவும் கைதானவருக்குத்தான். எங்கள் தெருக்காரர் கைதாகவே இல்லையே, "சும்மா"தானே போனார்!

போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. அன்று ராத்திரி அவர் வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தாள்ல கையெழுத்து போட்டீங்க?"

அவர் எண்ணவில்லை.