வீட்டுப் பசுமைக்குடில்

வீட்டின் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ, ஒளி ஊடுருவும் தாள், கண்ணாடி அல்லது வலையால் மூடிச் செடி வளர்க்க அமைக்கப்படும் சிறு கூடாரம் வீட்டுப் பசுமைக்குடில் எனப்படும். வெயில், மழை, காற்று, பூச்சி ஆகியவற்றின் கடுமையைத் தணித்து, பயிருக்கு ஏற்ற சூழலை ஓரளவு கைவசப்படுத்துவதே இதன் நோக்கம். குளிர்நாடுகளில் இது வெப்பத்தைச் சேமிக்கக் கட்டப்படுகிறது. தமிழ்நாட்டின் சமவெளியில் வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆகவே இங்கு குடிலின் முதல் வேலை நிழல் தருவதும், அடைமழையையும் பூச்சியையும் தடுப்பதுமாகும். வடிவம், மூடுபொருள், திறப்புகள் எல்லாம் இந்த வேறுபாட்டைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

பெயர்

தமிழ்நாட்டு வேளாண் துறையினர் பசுமைக்குடில் என்றும், நிழல்வலை போர்த்தியதை நிழல்வலைக்குடில் என்றும் வழங்குகின்றனர். பசுமை இல்லம் என்ற பெயரும் உண்டு. இலங்கைத் தமிழில் பச்சை வீடு என்பர். பேச்சு வழக்கில் ‘பாலி ஹவுஸ்’, ‘ஷேட் நெட்’ என்ற சொற்களே மிகுதி.

வரலாறு

உரோமப் பேரரசர் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் கிடைப்பதற்காக, சக்கரம் பொருத்திய பாத்திகளை வெயிலுக்கு நகர்த்தியும், குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடியும் பயிரிட்டதாக மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியுள்ளார். கொரியாவில் 15ஆம் நூற்றாண்டு நூலொன்று, தரைக்கு அடியில் சூடேற்றி, எண்ணெய் பூசிய காகிதத்தால் மூடிய காய்கறிக் கூடத்தை விவரிக்கிறது.

1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு, மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி தானே முளைத்து வளர்வதைக் கண்டார். அதிலிருந்து உருவான ‘வார்டு பெட்டி’யில் செடிகள் கடல் கடந்து பயணம் செய்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவுக்கு வந்ததும் இப்படித்தான். பிரிட்டனில் கண்ணாடி வரி 1845இல் நீக்கப்பட்டபின் கண்ணாடிக் குடில்கள் பெருகின. கியூ தோட்டத்தின் பனைக்கூடம் 1848இல் முடிந்தது. பெங்களூரு லால்பாக்கின் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கண்ணாடி செல்வர்க்கு உரியதாக இருந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமரி எம்மர்ட். கண்ணாடி வாங்க வசதியின்றி, 1948இல் மரச்சட்டத்தின் மேல் செலோபேன் தாளை விரித்தார். பின்னர் அந்த இடத்தைப் பாலித்தீன் பிடித்தது. இன்று ஓசூர், தளி வட்டாரத்து ரோஜாவும் நீலகிரிக் கொய்மலர்களும் வளர்வது அந்த வழிவந்த குடில்களில்தான்.

நிழல் தந்து பயிர் காக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நெருக்கமாக வளர்த்து, கொடிக்குப் பற்றுக்கோலாகவும் நிழலாகவும் பயன்படுத்துவது பழைய வழக்கம்.

இயங்கும் விதம்

வெயில் உள்ளே நுழைந்து மண்ணையும் இலையையும் சூடாக்குகிறது. அவை தம்மைத் தொடும் காற்றைச் சூடாக்குகின்றன. திறந்த வெளியில் சூடான காற்று மேலெழுந்து போய்விடும். குடிலுக்குள் அது சிறைப்படுகிறது. வெப்பக் கதிர்களைக் கண்ணாடி மறிப்பதுதான் முழுக் காரணம் என்று முன்பு எண்ணப்பட்டது. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கண்ணாடியால் மூடிய பெட்டியையும், வெப்பக் கதிர்களை விட்டுவிடும் பாறை உப்புத் தகட்டால் மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. காற்று அடைபடுவதே முதன்மைக் காரணம் என்பது இதனால் புலப்பட்டது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று: குடிலின் சூட்டைத் தணிக்க வேண்டுமானால் காற்று வெளியேற வழி விட வேண்டும். சித்திரை வெயிலில் நாற்புறமும் மூடிய பாலித்தீன் குடிலின் உள்வெப்பம் 45 டிகிரி செல்சியசை எளிதில் தாண்டும். தக்காளியின் மகரந்தம் 35 டிகிரிக்கு மேல் வலுவிழந்து, பூ உதிர்ந்துவிடும்.

வகைகள்

நிழல்வலைக்குடில்: சமவெளி வீடுகளுக்கு மிகப் பொருத்தமானது; செலவும் குறைவு. வலைகள் 35, 50, 75 விழுக்காடு நிழல் தருவனவாகக் கிடைக்கின்றன. காய்கறிக்கு 35, நாற்றுக்கும் கீரைக்கும் 50, ஆர்க்கிட், ஆந்தூரியம், பெரணி வகைகளுக்கு 75 ஏற்றவை. நிழல் மிகுந்தால் செடி ஒளி தேடி ஒல்லியாக நீளும், காய்ப்பு குறையும்.

மழைமறைப்புக் குடில்: கூரையில் மட்டும் பாலித்தீன் தாள், பக்கங்களில் வலை. வடகிழக்குப் பருவமழையின்போது தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லி ஆகியவை அழுகாமல் இருக்க இது உதவும்.

மூடிய பாலித்தீன் குடில்: உதகை, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளுக்கு உரியது. உறைபனியிலிருந்து பயிரைக் காக்கும்.

இடத்தேர்வு

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். மதில், மாமரம், அடுத்த வீட்டு மாடி ஆகியவற்றின் நிழல் மார்கழியில் நீண்டு விழும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குடிலின் நீளவாட்டம் வடக்கு தெற்காக அமைந்தால் சட்டங்களின் நிழல் நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தச் செடியும் நிரந்தரமாக நிழலில் சிக்காது. மழைநீர் தேங்கும் தாழ்வான இடம் ஆகாது. தென்னையின் கீழ் அமைத்தால் மட்டை விழுந்து தாள் கிழியும்.

சட்டகம் அமைத்தல்

10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட வளைகூரைக் குடில் வீட்டுக்குப் போதுமானது. சந்தையில் கிடைக்கும் 20 அடி நீளக் குழாய் ஒன்றை 10 அடி அகலத்துக்கு வளைத்தால், மேற்பகுதி அரைவட்டத்துக்கு ஏறத்தாழ 16 அடி செலவாகி, இருபுறமும் இரண்டிரண்டு அடி நேர்க்கால் மிஞ்சும். நடு உயரம் 7 அடி வரும். ஒருவர் நிமிர்ந்து நடக்கலாம். 4 அடிக்கு ஒன்றாக வைத்தால் ஆறு வளைவுகள் தேவை.

துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்புக் குழாய், அதாவது ஜி.ஐ. குழாய், நீடித்து உழைக்கும். பி.வி.சி. குழாய் மலிவு, வெயிலில் நாளடைவில் நொறுங்கும். மூங்கிலையும் சவுக்குக் கழியையும் பயன்படுத்தினால் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூச வேண்டும். இல்லையேல் கரையான் அரித்துவிடும்.

கட்டும் வரிசை:

1. தரையைச் சமன் செய்து, நான்கு மூலைகளில் முளை அடித்துக் கயிறு கட்டுதல். இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக இருந்தால் செவ்வகம் சரி.

2. வளைவுகளின் கால்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழக் குழி தோண்டி, சற்றே பெரிய குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்திக் காங்கிரீட் இடுதல்.

3. காங்கிரீட் இறுகியபின் வளைத்த குழாய்களைச் செருகிப் போல்ட் முடுக்குதல்.

4. முகட்டிலும் இரு தோள்களிலும் நீளவாக்கில் குழாய் பொருத்தி வளைவுகளைப் பிணைத்தல்.

5. நான்கு மூலைகளிலும் சாய்வுத் தாங்கு கொடுத்தல்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காற்று கூரையை அழுத்துவதோடு நில்லாமல் மேலே தூக்கவும் செய்யும். அதனால் அடித்தளத்தின் எடையே குடிலுக்குக் காப்பு.

மாடியில் கட்டும்போது தளத்தைத் துளையிடக் கூடாது. தட்டோட்டின் அடியில் நீர் இறங்கிவிடும். காங்கிரீட் நிரப்பிய வாளிகளில் கால்களை நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடும் பிணைக்கலாம். நனைந்த மண் மிகவும் கனமானது என்பதால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ விட்டமோ உள்ள இடங்களில் பரப்பி வைப்பது நல்லது.

மூடுதல்

பாலித்தீன் தாள் புற ஊதாக் கதிர்த் தடுப்புக் கொண்ட 200 மைக்ரான் தடிமனாக இருக்க வேண்டும். அது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தாள் ஓராண்டுக்குள் பொடிந்துவிடும். சூடான குழாயைத் தொடும் இடத்தில்தான் தாள் முதலில் இற்றுப்போகிறது. அங்கே வெள்ளை வண்ணம் பூசுவது தாளின் ஆயுளைக் கூட்டும். அலுமினியப் பட்டையின் பள்ளத்தில் தாளை வைத்து, நெளிகம்பியை அழுத்தி மாட்டினால் பிடிப்பு உறுதியாக இருக்கும். காற்று ஓய்ந்த காலை வேளையில் இருவர் மூவராகச் சேர்ந்து போர்த்துவதே எளிது.

பக்கங்களுக்கு 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலை பொருத்தமானது. அசுவினியையும் வெள்ளை ஈயையும் பெரும்பாலும் அது நிறுத்தும். இலைப்பேன் அதைவிடச் சிறியது, புகுந்துவிடும். கண் நெருங்க நெருங்கக் காற்றோட்டமும் குறையும். வாசலில் ஒன்றையடுத்து ஒன்றாக இரு கதவுகள் வைத்தால், ஆள் நுழையும்போது பூச்சி உடன் வருவது குறையும்.

காற்றோட்டமும் குளிர்ச்சியும்

மூடிய குடிலில் திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சமவெளியில் இதைவிடக் கூடுதலாக வேண்டும். முகட்டருகே ஒரு திறப்பு இருந்தால் சூடான காற்று அதன் வழியே வெளியேறி, பக்க வலை வழியே புதுக்காற்று உள்ளே வரும்.

புகைபோல் நீர் தெளிக்கும் நுண் தெளிப்பான்கள் உலர்ந்த பகுதிகளில் நன்கு பயன்படும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதன் தத்துவம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்கே இதனால் குளிர்ச்சி அதிகம் கிடைக்காது, இலைநோய்தான் கூடும். அப்பகுதிகளில் கோடையில் கூரைத் தாளின் மேல் நிழல்வலை விரிப்பதும், தாளில் நீர்த்த சுண்ணாம்பு பூசுவதும் பயனுள்ளவை.

வளர் ஊடகமும் நீரும்

தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து பையிலோ பாத்தியிலோ நிரப்புவது பரவலான முறை. நார்க்கழிவில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். நாற்றுக்குக் குழித்தட்டு சிறந்தது. தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாளில் நடவுக்குத் தயாராகும்.

கூரையிட்ட குடிலுக்குள் மழை விழாது. முழு நீரையும் நாமே தர வேண்டும். சொட்டுநீர் அமைத்தால் இலை நனையாது, நோயும் குறையும். 200 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 185 லிட்டர் நீர் வழியும்; ஓரத்தில் வடிகால் அமைத்துத் தொட்டியில் சேர்க்கலாம்.

பயிர்த் தேர்வும் மகரந்தச் சேர்க்கையும்

கீரைகள், கொத்தமல்லி, புதினா, தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, நாற்றங்கால் ஆகியவை குடிலுக்கு ஏற்றவை. வலைக்குள் தேனீ வராது என்பது தொடக்கக்காரர் பலர் மறக்கும் செய்தி. தக்காளிக்கும் மிளகாய்க்கும் கொத்தைச் சற்று உலுக்கினாலே போதும். வெள்ளரியில் மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் இரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுரை, பீர்க்கு வளர்த்தால் அவற்றின் பூக்கள் மலரும் மாலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் கையால் தடவிவிட வேண்டும்.

பூச்சியும் நோயும்

மழையின் அடியும் இயற்கை எதிரிகளும் இல்லாததால், உள்ளே புகுந்த பூச்சி வேகமாகப் பெருகும். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈயையும் அசுவினியையும், நீல அட்டை இலைப்பேனையும் ஈர்க்கும். வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்தி தலைகாட்டும். சோப்புக் கரைசல் சேர்த்த வேப்பெண்ணெயை மாலையில் தெளிக்கலாம். நாற்றழுகலுக்கு, விதையை டிரைக்கோடெர்மா விரிடியுடன் கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைப்பது முன்காப்பு. கத்திரி வெயில் நாட்களில் ஈரப்படுத்திய பாத்தியைத் தெளிந்த பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால், மண்ணிலுள்ள கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு அழியும்.

பராமரிப்பு

தூசி படிந்த தாள் ஒளியைக் குறைக்கும். அவ்வப்போது கழுவ வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தாளைக் கழற்றிச் சுருட்டி வைப்பதே சட்டகத்தைக் காக்கும் வழி. பழைய தாளை எரிக்காமல் மறுசுழற்சிக்குத் தர வேண்டும்.

நன்கு நிறுத்திய ஜி.ஐ. சட்டகம் பத்தாண்டுகளுக்கு மேல் நிற்கும். மாற்ற வேண்டியவை தாளும் வலையும்தான். சமவெளியில் புதிதாகத் தொடங்குவோர் அந்தச் சட்டகத்தின் மேல் முதலில் நிழல்வலை மட்டும் போட்டு ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்தபின், தேவைக்கேற்பக் கூரைத் தாளைச் சேர்ப்பது சிக்கனமானது.