பேர் போனா என்ன போகும்?

பதுளைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒருநாள் வேலைக் கணக்கு. கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். கசப்புதான். ஆனா செக்ரோலில் பேர் இருந்தால்தான் கம்பனி 12 வீதம் சேமலாப நிதி கட்டும்.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. முன்பிருந்தே அவை கேட்டுவந்தது வெளியார் உற்பத்தி முறை: குடும்பத்துக்கு இத்தனை செடி, கிலோவுக்கு இத்தனை காசு. நம்ம அம்மாமார் தொழிலாளிகள் இல்லையாம், ‘உற்பத்தியாளர்கள்’!

காணி அவங்க பேரில் இல்ல. கொழுந்து கம்பனி ஃபெக்டரிக்குத்தான். உரக்காசு கொழுந்துக்காசில் கழியும். கங்காணி காலத்தில் கடன் எழுதிய ‘துண்டு’ இருந்தது. கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. புதுத் தாளில் கையெழுத்து கேட்டா, நாங்க முதலில் கேட்கவேண்டியது: சேமலாப நிதியை யார் கட்டுவது?